வேலூரின் டொக்டர் ஐடா ஸ்கடர்

நம் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்து இரவுகளில், விடுதியில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருக்க, பொறுப்பாசிரியை பெரியவர்களின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லுவார். அவற்றுள் ஒன்று, ஒரே இரவில் மூன்று முறை தட்டப்பட்ட கதவைப் பற்றியது. சைவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவக் கல்லூரி விடுதியில் வளர்ந்த எனக்கு அந்தக் கதை அப்போது பயத்தைத்தான் தந்தது. பின்னாளில் நான் வைத்தியத்துறைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலூர் என்ற பெயரை நம்மவர்களுக்கு அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. இங்கே பார்த்துச் சரிவராத நோயாளியை வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம் என்ற பேச்சை நம்மில் பலர் சிறுவயதிலேயே வீட்டில் கேட்டிருக்கிறோம். அந்தப் பெரிய வைத்தியசாலையைத் தொடக்கியவர் ஒரு பெண் என்பதும், அவருடைய குடும்பத்தின் கதை நம் யாழ்ப்பாணத்தில் ஆரம்பிக்கிறது என்பதும் பலர் அறியாதவை.

ஐடாவின் பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர் நியூயோர்க்கில் நல்ல வருமானத்தோடு தொழில் செய்துகொண்டிருந்த வைத்தியர். 1819ஆம் ஆண்டு அதை விட்டுவிட்டு மனைவியுடன் கப்பலேறினார். அமெரிக்க மிசனின் முதலாவது வைத்திய ஊழியராக 1820இல் பண்டத்தரிப்பில் குடியேறி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1836இல் சென்னைக்கு மாறிச் செல்லும்வரை அவர் யாழ்ப்பாணத்திலேயே பணியாற்றினார். அவருடைய ஆண்மக்கள் பலர் இந்தியாவில் மிசனரிகளாயினர். அவர்களுள் ஒருவரான இளைய ஜோன் ஸ்கடர், தந்தையைப் போலவே வைத்தியர். அவரும் மனைவி சோபியாவும் ஆர்க்காட்டுப் பகுதியில் பணிசெய்த காலத்தில், 1870 டிசம்பர் 9ஆம் திகதி இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

சின்னஞ்சிறு பிள்ளையாக இருந்தபோதே ஐடா ஒரு பெரும் பஞ்சத்தைக் கண்டார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம் அது. தாய் தந்தையர் பாணையும் கஞ்சியையும் பங்கிட்டுக் கொடுத்தபோது அந்தச் சிறுமியும் பிள்ளைகளின் வாயில் ஊட்டினார். வீதியோரத்தில் இறந்து கிடந்த பிள்ளைகளையும் கண்டார். அதன் பின் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. பெற்றோர் மீண்டும் இந்தியா சென்றபோது, மகள் அமெரிக்காவில் உறவினருடனும் பின்னர் பாடசாலை விடுதியிலும் வளர்ந்தார். தாயைப் பிரிந்து விடுதியில் அழுத இரவுகள் அவருக்கும் இருந்தன. விடுதியில் இருந்த நம் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இளமையில் ஐடாவுக்கு மிசனரியாகும் எண்ணமே இருக்கவில்லை. ஸ்கடர் குடும்பத்துப் பிள்ளை என்றால் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும் என்று பிறர் எதிர்பார்த்தது அவருக்கு எரிச்சலைத் தந்தது. புழுதி, வெயில், பசி, நோய் இவற்றையெல்லாம் அவர் பிள்ளைப் பருவத்திலேயே பார்த்துவிட்டார். அமெரிக்காவில் படித்து, மணமுடித்து, வசதியாக வாழவே விரும்பினார். மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் நோர்த்ஃபீல்ட் பெண்கள் பாடசாலையில் படிப்பை முடித்தபின், தாய்க்குச் சுகமில்லை என்ற செய்தி வந்தது. தாயைப் பராமரிக்கச் சில காலம் மட்டும் என்ற எண்ணத்தோடு 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே தங்கியிருந்த காலத்திலேதான் அந்த இரவு வந்தது. ஐடா விளக்கருகில் இருந்தபோது ஒரு பிராமண இளைஞர் கதவைத் தட்டினார். அவருடைய மனைவி, மிகவும் இளவயதினள், பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். தன் தந்தை வைத்தியர், அவரை அழைத்து வருகிறேன், நானும் துணைக்கு வருகிறேன் என்று ஐடா சொல்லிப் பார்த்தார். அந்நிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு அவர்கள் வழக்கம் இடந்தராது என்று கூறி இளைஞர் போய்விட்டார். அவர் கேட்டு வந்தது ஐடாவை. ஐடாவுக்கோ வைத்தியம் எதுவும் தெரியாது. சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் கனவான் அதே வேண்டுகோளோடு வந்தார். அதே பதிலைக் கேட்டுத் திரும்பினார். மூன்றாவதாக உயர்குல இந்து ஒருவர் வந்தார். அவரும் அப்படியே சென்றார். ஐடா அன்றிரவு உறங்கவில்லை. விடிந்தபோது ஊருக்குள்ளிருந்து சாப்பறை கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அன்றே ஐடா தாய் தந்தையரிடம் தான் வைத்தியம் படிக்கப் போவதாகச் சொன்னார்.

இந்தக் கதையைக் கேட்கும்போது அந்த மூன்று கணவர்மாரைக் குறைகூறத் தோன்றும். ஐடா அவர்களைக் குறைகூறிக்கொண்டு நிற்கவில்லை. பெண்ணுக்குக் கதவை மூடிய வழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவுமில்லை. அமெரிக்காவிலும் அப்போது பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஐடா 1895இல் பிலடெல்பியாவில் பெண்களுக்கென்றே நடந்த கல்லூரியிற் சேர்ந்தார். 1898இல் நியூயோர்க்கின் கோர்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கு மாறி, 1899இல் அங்கே பட்டம் பெற்ற முதற் பெண்களுள் ஒருவரானார்.

புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கான ஒரு வைத்தியசாலைக்குப் பணம் திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அலைந்து திரிந்தும் பெரிதாக எதுவும் சேரவில்லை. கடைசி நேரத்தில் ஷெல் என்ற வங்கியாளர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டொலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா, தோழி அனி ஹன்கொக்குடன் வேலூர் வந்து சேர்ந்தார்.

தந்தையிடம் சில ஆண்டுகள் தொழில் பழகலாம் என்று ஐடா எண்ணியிருந்தார். அந்த ஆண்டு மே மாதத்திலேயே தந்தை காலமானார். இருபத்தொன்பது வயதில், அனுபவமில்லாத ஒரு பெண் வைத்தியர் தனித்து நின்றார். பங்களாவின் சிறிய அறையொன்றில் ஒரேயொரு கட்டிலோடு வேலை தொடங்கியது. முதலில் மக்கள் வரத் தயங்கினர். பிறகு திண்ணையும் முற்றமும் நிறைந்தன. சமையற்காரரின் மனைவி சலோமி என்பவரே முதல் உதவியாளர். கட்டுப்போடவும் கருவிகளைக் கொதிக்கவைக்கவும் ஐடா அவருக்குப் பழக்கினார். இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகள் அங்கே பார்க்கப்பட்டனர். 1902இல் 40 கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

மிசனரி வாழ்வு என்றதும் நமக்கு மேடைப்பிரசங்கமும் தியாகமும் நினைவுக்கு வரும். ஐடாவின் நாட்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதிலேயே கழிந்தன. விடியற்காலையில் தனித்திருந்து செபித்து வேதம் வாசிப்பார். நோயாளிகளோடும் ஊழியரோடும் காலை வழிபாடு. பின் விடுதிகளைச் சுற்றிப் பார்ப்பார். வெளிநோயாளர், சத்திரசிகிச்சை, பிரசவங்கள், வீடுகளுக்குச் சென்று பார்க்கும் நோயாளிகள், இவற்றோடு பொழுது போய்விடும். அன்றைய கணக்குகளும் அமெரிக்காவுக்கு எழுத வேண்டிய கடிதங்களும் இரவில் காத்திருக்கும். அந்தக் கடிதங்கள்தாம் மருந்துக்கும் துணிக்கும் பணம் கொண்டுவந்தன. மாலையில் நேரங்கிடைத்தால் ரெனிஸ் விளையாடுவார். அதில் அவர் வல்லவர். முதுமையிலும் அதை விடவில்லை. ரோசாச் செடிகள் வளர்ப்பதிலும் அவருக்குப் பிரியம் அதிகம்.

பிரசவ விடுதியில் வேலை செய்த எவருக்கும் அந்த முதல் ஆண்டுகள் எப்படியிருந்திருக்கும் என்பது புரியும். வீட்டில் இரண்டு மூன்று நாள் வேதனைப்பட்டு, எல்லாரும் கைவிட்ட பின்னரே ஒரு பெண்ணை வண்டியிலேற்றிக் கொண்டுவருவார்கள். குழந்தை குறுக்கே கிடக்கும், அல்லது தலை இறங்காமல் நின்றுவிடும். கழுவாத கைகளால் தொற்று ஏற்கெனவே ஏறியிருக்கும். இரத்தம் ஏற்றும் வசதியும் இல்லை, நுண்ணுயிர்கொல்லி மருந்துகளும் இல்லை. அப்படி வந்த தாய் இறந்தால் பழி வைத்தியசாலையின்மேல் விழும். அடுத்த வீட்டார் இன்னும் தாமதமாக வருவார்கள். இந்தச் சுழலை உடைக்க ஒரேயொரு வழி, நோயாளி வரும்வரை காத்திராமல் வைத்தியர் போவதுதான்.

ஐடா போனார். முதலில் மாட்டுவண்டியிலும் குதிரை வண்டியிலும். 1909இல் ஒரு சிறிய பேஜோ கார் வந்தது. அதன் சத்தங்கேட்டு வயல்களில் நின்றவர்கள் பயந்தோடினார்களாம். கிழமையில் ஒருநாள் குடியாத்தம் வீதி வழியே செல்வார். குறித்த இடங்களில், மரநிழலில் சனம் காத்திருக்கும். கண்நோய், புண், காய்ச்சல், சொறி, பல்வலி எல்லாம் அங்கேயே பார்க்கப்படும். பிறர் தொடத் தயங்கிய தொழுநோயாளரின் புண்களும் கழுவிக் கட்டப்படும். அடுத்த மரத்தடியிலும் சனம் காத்திருக்கும். வாந்திபேதியும் பிளேக்கும் வந்த காலங்களில் அந்தப் பயணங்களே பல கிராமங்களுக்கு இருந்த ஒரே வைத்திய வசதி.

அவர் தனியே எதையும் செய்துவிடவில்லை. அனி ஹன்கொக் வேலூர்த் தெருக்களில் வீடுவீடாகச் சென்று, வெளியே வராத பெண்களோடு நட்புக் கொண்டார். தாய் சோபியா கணவரை இழந்த பின்னும் மகளோடு தங்கி, 1925இல் இறக்கும்வரை அநாதைக் குழந்தைகளை வளர்த்தார். கேட்ரூட் டொட் என்ற தோழி தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுப் பல ஏழைப் பெண்பிள்ளைகளைப் படிப்பித்தார்.

ஆயினும் ஒவ்வொரு நாளும் ஐடாவுக்கு ஓர் உண்மை தெளிவாகிக்கொண்டே வந்தது. ஒரு வைத்தியரால், அவர் எவ்வளவு ஓடினாலும், ஓர் இரவில் மூன்று வீடுகளுக்குப் போக முடியாது. திண்டிவனத்தில் அன்று ஐடா டொக்டராகவே இருந்திருந்தாலும் மூவரையும் காப்பாற்றியிருப்பாரா? அந்த நாட்டுப் பெண்களே வைத்தியராக வேண்டும், நூற்றுக்கணக்கில் ஆக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

முதலில் தாதியர். நல்ல குடும்பத்துப் பெண் செய்யும் வேலையாக அதை எவரும் எண்ணாத காலத்தில், 1909இல், தாதியர் பாடசாலை தொடங்கப்பட்டது. அடுத்து வைத்தியம். பெண்களுக்கு மருத்துவப் பாடசாலையா, விண்ணப்பிக்க ஒருவரும் வரமாட்டார்கள் என்று சென்னை அரசின் உயர் வைத்திய அதிகாரி சந்தேகப்பட்டார். 151 விண்ணப்பங்கள் வந்தன. 1918இல் பாடசாலை திறக்கப்பட்டது. ஓர் எலும்புக்கூடும் ஒரு நுணுக்குக்காட்டியும் விரல்விட்டு எண்ணக்கூடிய நூல்களுமே இருந்தன. பகலெல்லாம் நோயாளர், இடையில் உடற்கூற்றியல் பாடம், இரவில் அடுத்த நாட் பாடத்துக்கான ஆயத்தம். மாகாணத்தின் ஆண்கள் பாடசாலைகளில் ஐவருக்கு ஒருவர் என்ற அளவிலேயே சித்தியடைந்துகொண்டிருந்த முதலாண்டுப் பரீட்சைக்கு 14 வேலூர்ப் பெண்கள் தோற்றினர். பதினால்வரும் சித்தியடைந்தனர்.

பின்வந்த ஆண்டுகளில் தோட்டப்பாளையத்தில் புதிய வைத்தியசாலை எழுந்தது. 1932இல் கல்லூரி பாகாயத்து மலையடிவாரத்துக்கு மாறியது. அறுபது வயதைக் கடந்த ஐடா ஓய்வுபெற்றிருக்கலாம். அப்போதுதான் பெரிய சோதனை வந்தது. 1937இல் பதவியேற்ற சென்னை அரசு, குறுகிய கால எல்.எம்.பி. பயிற்சியை நிறுத்தி, இனி எம்.பி.பி.எஸ். பட்டம் மட்டுமே என்று தீர்மானித்தது. நாட்டுக்கு அது நல்ல தீர்மானம். வேலூருக்கோ, தரமுயர வேண்டும், இல்லையேல் மூட வேண்டும் என்ற நிலை. பட்டமேற்படிப்புப் பெற்ற விரிவுரையாளர்கள், இன்னும் பல கட்டில்கள், ஆய்வுகூடங்கள் தேவைப்பட்டன. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. எழுபது வயதில் ஐடா 1941இல் அமெரிக்கா சென்று, ஊரூராகப் பேசிப் பணம் திரட்டினார்.

பணத்தைவிடக் கடினமான ஒரு கேள்வியும் எழுந்தது. தென்னிந்தியத் திருச்சபைகள் ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று விரும்பின. அப்படிச் சேர்ந்தால்தான் போதிய வளம் கிடைக்கும். ஆனால் இருபதாண்டுகளுக்கு மேலாகப் பணமனுப்பி வந்த அமெரிக்கப் பெண்கள் பலர், பெண்களுக்கென்று கட்டிய கல்லூரியை ஆண்களுக்குத் திறந்தால், ஈற்றில் பெண்கள் பின்தள்ளப்படுவார்கள் என்று அஞ்சி எதிர்த்தனர். அவர்கள் அச்சம் வீண் அச்சமல்ல. பெண்கள் கல்லூரியில் படித்த நாம் அதை நன்றாக உணர்வோம். ஐடாவுக்கும் அது வாழ்நாள் இலட்சியம். நெடுங்காலத் தோழியர் சிலரின் மனக்கசப்பையும் தாங்கிக்கொண்டு, அவர் இணைப்புக்குச் சம்மதித்தார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புத் தொடங்கியது. 1947இல் முதல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர்.

இந்தப் பகுதியை விடுதியில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பின்னாளில் வாசித்தபோது, மூன்று கதவுத்தட்டல்களைவிட இதுவே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தான் தொடக்கியது தன் விருப்பப்படியே இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால், அது அவருடனேயே முடிந்திருக்கும். 1946இல் பொறுப்பிலிருந்து விலகினார். சிறிது காலத்தில் இந்தியப் பெண்மணியான டொக்டர் ஹில்டா லாசரஸ் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். ஐடா கொடைக்கானல் வீட்டில் ஓய்வாக வாழ்ந்து, 1960 மே மாதத்தில், 89ஆவது வயதில் காலமானார். மணமுடிக்காத அவருக்கு உலகெங்கும் வைத்தியப் பிள்ளைகள் இருந்தனர்.

முடிக்குமுன் என் கதையிலும் சிறிது சொல்ல அனுமதி வேண்டும். நான் கிராமப்புற வைத்தியசாலையொன்றில் பணியாற்றிய காலத்தில், ஒரு மழை இரவில் உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள். வரும்வழியில் வலிப்பு வந்திருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஊரார் எனக்கு நன்றி சொன்னார்கள். உண்மையில் அந்த நன்றி அவ்வூரின் இளம் குடும்பநல மாதுவுக்கு உரியது. பிற்பகலிலேயே இரத்த அழுத்தத்தைக் கவனித்து, வெள்ளம் ஏறுமுன் புறப்படும்படி வீட்டாரோடு வாதாடி அனுப்பியவள் அவள். அவள் அங்கே இல்லையென்றால், நான் விழித்திருந்தும் பயனில்லை.

2022ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசையுமாக இருந்தபோது, என்னோடு படித்த பலர் வெளிநாடு சென்றார்கள். நானும் ஆவணங்களை ஒழுங்குசெய்து ஒரு கோவையில் வைத்தேன். அது இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. போனவர்களை நான் குறைகூற மாட்டேன். அவர்கள் அனுப்பிய மருந்துப் பொதிகள் எங்கள் விடுதியில் உயிர் காத்தன. வேலூரும் தொலைவிலிருந்த பெண்கள் அனுப்பிய சிறுசிறு தொகையால்தான் நிமிர்ந்தது. ஐடாவின் வாழ்வை அந்த நாட்களில் மீண்டும் வாசித்தபோது, போவதா இருப்பதா என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கவில்லை. இருக்கும் இடத்தில் எனக்குத் தெரிந்ததை யாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்ற கேள்விதான் என்னைத் தொட்டது.

அதிலிருந்து புதன்கிழமைகளில் பிற்பகல் ஒருமணி நேரம் இளம் தாதியருக்கும் குடும்பநல மாதருக்கும் வகுப்பு எடுக்கிறேன். பெரிய காரியமல்ல. சில கிழமை மூன்று பேர்தான் வருவார்கள். அப்போது எலும்புக்கூடும் நுணுக்குக்காட்டியுமாய்த் தொடங்கிய அந்த வகுப்பறையை நினைத்துக்கொள்வேன்.

கனடாவிலோ, அவுஸ்திரேலியாவிலோ, கொழும்பிலோ, நம் கல்லூரி வாசலுக்கு எதிர்வீட்டிலோ இருந்து இதை வாசிக்கும் என் அன்புச் சகோதரிகளே, நம் கல்லூரி நமக்குத் தந்ததில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் தமக்குத் தெரிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் நமக்குச் சொல்லித் தந்தது. நூறாவது ஆண்டில் அதை நினைவுகூர்வோம். நாமும் ஒரு பிள்ளைக்காவது சொல்லிக் கொடுப்போம்.